நாயோடு நடக்கலாமா? சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆற்றங்கரையும் மேட்டாங்காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, பொள்ளாச்சி பக்கமிருந்து வார இறுதியில் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வருபவர்கள் இப்போது அதிகம். பச்சை, பனை, ஆறு, கூட்டமில்லாத மண்பாதை என்று ஆசைப்பட எல்லாம் இங்கே உண்டு. ஆனால் இது பூங்கா இல்லை. ஆடு மேய்ப்பவரும் கடலை போடுபவரும் பனை ஏறுபவரும் பிழைக்கிற நிலம். அதை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காக, வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தப் பகுதியைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் ஆகிய எல்லைச் சாவடிகளைத் தாண்டினால் வருகிற சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை ஊராட்சிகளில் வீட்டுக்குள்ளும் சந்தையிலும் தமிழ் தாராளமாகப் புழங்கும்.

ஆழியாறு மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் சித்தூர்ப்புழை ஆகிவிடும். சித்தூர்க்காரர்கள் சோகநாசினி என்பார்கள், கீழே போனால் கண்ணாடிப்புழை. பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. ஆற்றை விட்டு விலகினால் மேட்டாங்காடு: கடலை, சோளம், தரிசு, வரிசை வரிசையாகப் பனை, கிளுவை வேலி. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிகள்தான் நாயோடு நடக்க மிகச் சிறந்த வழி. கேரளம் என்றாலே மழை என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். இது மழை மறைவுப் பகுதி.

எந்த மாதம் வரலாம்?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாகக் கீழைக்காற்று விடாமல் வீசும். காலையில் குளிர் இருக்கும், நாய் களைப்பே இல்லாமல் நடக்கும். ஆனால் அது வறண்ட காற்று. நாக்கு வறண்டு போவதை நாம் கவனிக்கும் முன்பே நாய்க்குத் தாகம் எடுத்திருக்கும்.

மார்ச் முதல் மே வரை வேண்டவே வேண்டாம். பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலும் மேல்காற்றுமாகச் சுகமாகத்தான் இருக்கும். அப்போது இட்டேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆற்றுப் பக்கம் போக வேண்டாம். காரணம் கீழே இருக்கிறது.

நேரம் என்றால் விடியற்காலை. எட்டரை மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆள் நடமாட்டமே இல்லையே, கயிற்றை அவிழ்த்து விடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

ஆள் இல்லாத இடமாகத் தெரிவது உங்கள் கண்ணுக்குத்தான். தரிசில் நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடித்தால், அது ஆள்காட்டி. அதன் கூடு உங்கள் காலடிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. கூடு என்று சொல்வதுகூட அதிகம். நான்கு கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் நிறத்திலேயே நான்கு முட்டைகள் இருக்கும். மனிதர் கண்ணுக்குத் தப்பும், நாய் மூக்குக்குத் தப்பாது. கௌதாரியும் தரையில்தான் முட்டையிடும். மயில் சொல்லவே வேண்டாம், வயலுக்கு வயல் நிற்கும். மயில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிப்பிப்பாறை, கோம்பை மாதிரி வேட்டைக்குப் பிறந்த நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் நாய் முயலைத் துரத்திப் பிடித்தால் 'நான் ஏவவில்லை' என்று சொல்லித் தப்பிப்பது எளிதில்லை, சட்டம் அதை வேட்டையாகப் பார்க்கலாம்.

அப்புறம் ஆடு. சினையாடு ஒன்று மிரண்டு ஓடிக் குட்டி விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இடி. நாய் கடிக்கவே வேண்டியதில்லை, துரத்தினாலே போதும். விலங்கை அலட்சியமாக விட்டு மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரவைத்தால் பாரதிய நியாய சங்கிதையின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் சட்டத்தைவிட, மேய்ப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டு மீட்டர் கயிறு, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய ஹார்னஸ். சுருளிலிருந்து நீண்டுகொண்டே போகும் கயிறு இங்கே உதவாது, முள்ளில் சிக்கும்.

அவுட்டுக்காய் என்கிறார்களே, அது என்ன?

காட்டுப்பன்றியைக் கொல்ல வைக்கிற வெடி. வெடிமருந்தும் கல்துகளும் சேர்த்துச் சுற்றி, மேலே கொழுப்போ பழமோ கருவாடோ தடவி, பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவார்கள். கடித்தால் வெடிக்கும். மலையாளத்தில் பன்னிப்படக்கம். வைப்பது குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். 2020 மே மாதம் இதே பாலக்காடு மாவட்டத்தில், மண்ணார்க்காடு பக்கம், வாய் சிதைந்த கருவுற்ற யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது நினைவிருக்கும். வெடி வைத்த தீனியைக் கடித்ததுதான் காரணம்.

நாய்க்கும் அதே கதிதான். தாடை போய்விடும். காப்பாற்றுவது மிக அரிது. அதனால்தான் தரையில் கிடப்பதை எடுக்காமல் இருக்க நாயைப் பழக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 'விடு' என்றால் விட வேண்டும். இந்த ஒரு சொல்லுக்கு வீட்டிலேயே பழகாத நாயை இங்கே அழைத்து வருவது சரியில்லை. பழகவில்லை என்றால் வாய்க்கூடு போட்டுக் கூட்டி வாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க இடமுள்ள கூடை மாதிரியானதுதான் வேண்டும், இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கூடாது.

பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி இன்னொரு ஆபத்து. முழங்கால் உயரத்தில், குச்சி குச்சியாக நட்டு ஒற்றைக் கம்பி போயிருந்தால் தொடாதீர்கள், தாண்டாதீர்கள், திரும்பிவிடுங்கள். இருட்டில் வயல் வரப்பில் நடக்கவே கூடாது. நாய் அடிபட்டு விழுந்தால் பதறிப்போய் அதைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் மின்சாரம் நிற்க வேண்டும், அதற்கு மின்வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும்.

ஆற்றில் குளிக்க விடலாமா?

கோடையில் முழங்கால் தண்ணீர், பாறை, மணல் திட்டு என்று பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் இந்த ஆறு இங்கே பெய்கிற மழையை மட்டும் நம்பி ஓடுகிற ஆறு இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். மேலே ஆழியாற்றில் திறப்பார்கள், அது மூலத்தறை தடுப்பணைக்கு வரும், அங்கே ஷட்டரைத் தூக்கினால் கீழே தண்ணீர் ஏறும். உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும், ஆனைமலையில் கொட்டியிருக்கும்.

2024 ஜூலையில் நறணி அருகே இப்படித்தான் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் ஆற்று நடுவே சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம், நடுவே ஒருவரை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்டார்கள். கையில் நாயும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஊர்க்காரர்கள் குளிக்கிற, துவைக்கிற படித்துறையில் அவர்களிடம் கேட்டுவிட்டு, கரையோரத்தில் மட்டும் இறக்குங்கள். அதுவும் குடிநீர் எடுக்கிற இடத்துக்குக் கீழே. கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும். நடுப்பாறைக்குப் போகாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கலானாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ அந்த நிமிடமே மேலே ஏறிவிடுங்கள்.

தேங்கிய குட்டைகளில் பச்சைப் பாசி பெயிண்ட் மாதிரி படர்ந்திருந்தால் நாய் வாய் வைக்கவே கூடாது, சில பாசிகள் ஈரலைத் தாக்கும் நஞ்சு. எலிக்காய்ச்சலும் இங்கே உண்டு. நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா?

கொண்டு வாருங்கள். பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. நிலத்தடி நீருக்காகப் போராடி, 2004-இல் கொக்கக்கோலா ஆலை நின்றுபோன ஊர். கோடையில் வீடுகளுக்கு லாரித் தண்ணீர் போகிற இடங்களில் நாய்க்கு ஒரு வாளி கொடுங்கள் என்று கேட்பது நன்றாக இருக்காது. 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். நடை நாளில் இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

எந்த வழியாக நடக்கலாம்?

முதல் முறை வருகிறவர்களுக்குக் கால்வாய்க் கரைதான். மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களின் ஓரத்தில் மண்பாதை போகிறது. சமதளம், வழி தவறாது, பல இடங்களில் நிழலும் உண்டு. கால்வாய்க்குள் மட்டும் நாயை இறக்காதீர்கள். சிமெண்டு பூசிய சரிவில் இறங்கிய நாயால் ஏறி வர முடியாது.

அடுத்து கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்து இட்டேரிகள். பல இட்டேரிகள் யாரோ ஒருவர் களத்தில் போய் முடியும். ஆள் தென்பட்டால் நின்று, "அண்ணா, இந்த இட்டேரியில போலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் "போங்க" என்பதோடு, எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எங்கே கம்பி கட்டியிருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும். எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் அது.

ரயில் பிடிக்கும் என்பவர்கள் முதலமடை நிலையத்தைப் பார்க்கலாம். பிளாட்பாரம் முழுக்க ஆலமர நிழல். நாயோடு வருபவர்களுக்குச் சொந்த வண்டிதான் வசதி.

நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், சீதார்குண்டு?

நாயோடு வேண்டாம். பரம்பிக்குளமும் அடுத்துள்ள ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள், உள்ளே வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. அது சரியான விதி. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் புலிக்கும் தொற்றும். 2018-இல் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அவற்றில் இந்த வைரஸ்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கொல்லங்கோட்டின் தென்மலை அடிவாரம் இப்போது படம் எடுக்க வருபவர்களால் நிறைந்திருக்கிறது. வயலில், சாலையில் நிற்பதோடு சரி. மலையை ஒட்டிப் போகாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. 2024 மே மாதம் கொல்லங்கோடு அருகே கம்பிவேலியில் சிக்கிய சிறுத்தை ஒன்று செத்துப்போனது. காட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பதற்கு அதுவே போதும். வாளையாறு, மலம்புழைப் பக்கம் யானை. யானையைப் பார்த்துக் குரைத்த நாய் அடுத்து ஓடி வருவது உங்களிடம்தான், பின்னாலேயே யானையும் வரும்.

ஊர் நாய்கள் சூழ்ந்துகொண்டால்?

இதுதான் பெரும்பாலும் நடக்கிற சிக்கல். ஓடாதீர்கள், கல் எடுக்காதீர்கள். உங்கள் நாயை உங்களுக்குப் பின்னால் இழுத்து, கயிற்றைச் சுருக்கி, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து அவற்றின் எல்லையை விட்டு வெளியேறுங்கள். ஒரு கைத்தடி இருந்தால் நல்லது, தரையில் தட்டினாலே போதும். ஆட்டுப்பட்டியைக் கண்டால் சுற்றிப் போங்கள். பட்டி நாய் அதன் வேலையைச் செய்கிறது, அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

கடி பட்டால், உங்களுக்கென்றாலும் உங்கள் நாய்க்கென்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் மருந்தில்லை. வரும் முன் தடுக்க முடியும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு நாள் தவறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காலில் முள் குத்தாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நெருஞ்சியும் வேல முள்ளும் குத்தினால் நாயே காலைத் தூக்கிக் காட்டிவிடும். பிடுங்கினால் முடிந்தது. கெட்டது ஊசிப்புல். மழை முடிந்து புல் காயும் மாதங்களில் அதன் விதை முற்றியிருக்கும். ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஒரு முனையில் ஊசி, பின்னோக்கிப் படிந்த மயிர், மறுமுனையில் முறுக்கிய கருத்த வால். ஈரம் பட்டதும் அந்த வால் முறுக்கு அவிழ்ந்து சுழலும், ஊசி உள்ளே துளைக்கும். மண்ணில் தன்னைத் தானே நட்டுக்கொள்ள அது கொண்டிருக்கிற வழி. மண்ணுக்குப் பதில் நாயின் விரலிடுக்கில் மாட்டினாலும் அதையேதான் செய்யும். போன வழியே திரும்பி வராது. பத்து நாள் கழித்து அங்கே சீழ்க்கட்டி தெரியும்.

நடை முடிந்ததும் வண்டியில் ஏற்றும் முன் விரலிடுக்கு, காதுக்குள், அக்குள், வாலடி எல்லாம் கையால் தடவிப் பாருங்கள். நீளமுடி நாய் என்றால் பாதத்து முடியைக் கத்தரித்துவிட்டுக் கூட்டி வருவது நல்லது. நடந்த பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் காதுக்குள் விதை போயிருக்கிறது. பஞ்சுக் குச்சி விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதே தடவலில் உண்ணியையும் பார்த்துவிடலாம். ஆடுமாடு மேயும் இடம், உண்ணி இல்லாமல் இருக்காது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நசுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தீனி எடுக்காமை, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பாம்பு?

உண்டு. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை நான்குமே. பாம்பு கடித்த நாயை நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். மனிதருக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று வரும் முன்பே தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை அவசர உதவிக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1962.

வெயில் தாக்கியது எப்படித் தெரியும்?

மூச்சிரைப்பு நிழலில் நின்றும் தணியாது, எச்சில் கெட்டியாகும், ஈறு கடும் சிவப்பாகும், கால் தள்ளாடும். அப்போது மருத்துவரிடம் ஓடுவதற்கு முன் குளிர வையுங்கள். வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள். பிறகு வண்டியில் ஏற்றி ஜன்னலைத் திறந்துவிட்டுப் போங்கள்.

பக், புல்டாக் போன்ற மூக்குச் சப்பை நாய்களை இந்த நடைக்குக் கூட்டி வரவே வேண்டாம். நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் நன்றாகத் தாங்கும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு எண்ணும் வரை வைக்க முடியாவிட்டால் எந்த நாயும் அதில் நடக்கக் கூடாது.

மாந்தோப்பு வழியாகப் போகலாமா?

முதலமடை மாங்காய் நாட்டிலேயே முன்கூட்டிச் சந்தைக்கு வருவது. அதனால் நவம்பர் முதலே பூப்பருவ மருந்தடிப்பு தொடங்கிவிடும். மருந்து வாடை வந்தால் அந்தத் தோப்பு வேண்டாம். நாய் புல்லை மேயும், பிறகு பாதத்தை நக்கும், இரண்டு வழியிலும் விஷம் உள்ளே போகும்.

என்ன காகிதம் வேண்டும்?

வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. எப்போதும் கையில் இருக்கட்டும். கேரளத்தில் குடியிருந்து நாய் வளர்ப்பவர்கள் ஊராட்சி உரிமமும் எடுக்க வேண்டும், 1998 முதல் அதற்குத் தனி விதிகளே இருக்கின்றன.

திருவிழா நாளில் வரலாமா?

நீங்கள் வாருங்கள், நாயை வீட்டில் விடுங்கள். கும்ப மாதத்தில், அதாவது பிப்ரவரி, மார்ச்சில், சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை. கொங்குப் படையை விரட்டிய கதையை ஊரே நடித்துக் காட்டும், பார்க்க வேண்டிய விழா. ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழா. இரண்டிலும் வெடி உண்டு. வெடிச்சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாயும், அணிவகுத்து நிற்கும் யானையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

கள்ளுக்கடையில் உட்காரும்போது நாய்?

வெளியே, நிழலில், கயிற்றோடு, கூட ஒருவர் இருக்க வேண்டும். கள் ஒரு மடக்குகூடக் கொடுக்காதீர்கள். மீன் முள், கோழி எலும்பும் வேண்டாம்.

நாயின் மலத்தை அள்ள வேண்டுமா? காடுதானே?

அள்ளுங்கள். அது யாரோ ஒருவரின் கடலைக்காடு. வெறுங்காலோடு களை எடுக்க வருவார்கள்.

நாய் காணாமல் போனால்?

துரத்தாதீர்கள், கத்திக்கொண்டு ஓடாதீர்கள். கயிறு நழுவிய இடத்துக்கு நாய் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, உங்கள் வியர்வை பட்ட துண்டையோ சட்டையையோ தரையில் போட்டு வையுங்கள். இன்னொருவர் பக்கத்துத் தோட்டங்களில் சொல்லிவிட்டு வரட்டும். காலையில் பனையிலோ தென்னையிலோ கள் இறக்குபவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். மேலேயிருந்து அவருக்கு நான்கைந்து தோட்டம் தெரியும். பால் எடுக்க வருகிற சொசைட்டி வண்டிக்காரரிடமும் எண்ணைக் கொடுங்கள், அவர் ஒரே சுற்றில் எல்லா ஊருக்கும் போய் வருவார். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில், அழியாத மையில் எழுதி வைத்துவிட்டே கிளம்புங்கள்.